சுங்கை சிப்புட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு: பெர்மிட்டும் சம்பளச் சீட்டும்

மலேசியாவில் முப்பத்தோரு வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் (வேலைக்கு ஆள் கூடும் இடம்) ஆளை எண்ணுவது, செக்ரோல் (வருகை, வேலைக் கணக்குப் பதிவேடு) எழுதுவது, மாதக் கடைசியில் சம்பளம் போடுவது என்று என் காலம் போனது. இப்போது ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்தச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கமிருந்து வந்த பிள்ளைகள் பாஸ்போர்ட்டை நீட்டி, "ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்பார்கள். சிலர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள். சிலர் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவர்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். பல பேருக்கு அது முகத்தில் பயமாக வந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். வருவதற்கு முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பேருக்கு அந்தப் பயம் வந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் நீங்கள் தங்குவதற்கான உரிமை உங்கள் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை இருக்கும்வரை பெர்மிட். பெர்மிட் இருக்கும்வரை நீங்கள் சட்டப்படி இருப்பவர். வேலை அறுந்தால் மற்றதும் அறுகிறது. ஆகவே நீங்கள் வேலை செய்தீர்கள், காப்புறுதிக்கும் சேமநிதிக்கும் சந்தா கட்டினீர்கள் என்பதற்கான அத்தாட்சி முதலாளியின் அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.

இதை நான் என் ஆயாவிடமிருந்து, அதாவது பாட்டியிடமிருந்து, கற்றுக்கொண்டேன். 1957இல் மெர்டேக்கா (சுதந்திரம்) வந்தபோது, இங்கே பிறந்து, அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்றார்கள். முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழித் தேர்வும் கிடையாது. தாத்தா போய் வாங்கிவிட்டார். ஆயா போகவில்லை. பால்மரம் சீவப் போன நாளில் மனுப் படிவம் கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான் காரணம். பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். 1968இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்ததும் தோட்டங்களிலிருந்து ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். ஆயாவுக்குத் தோட்டத்துத் துரை கடிதம் கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்று அதில் எழுதியிருந்தது. அதை வைத்து அனுமதி கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அவர் தங்கைக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தோட்டத்தைத் துண்டாடி விற்றுவிட்டார்கள். பழைய செக்ரோல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கடிதம் கொடுக்கத் துரையும் இல்லை. பினாங்கில் ராஜுலா கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இருவரும் ஒரே அளவு உழைத்தவர்கள். ஒருவருடைய உழைப்புக்குத் தாள் இருந்தது, இன்னொருவருடையதற்கு இல்லை. சரி, இனி வேலையைப் பார்ப்போம்.

ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியது

இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியா வந்து போகலாம் என்று 2023 டிசம்பரிலிருந்து ஒரு வசதி இருக்கிறது. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான வசதி. "விசாவே வேண்டாம், இறங்கின பிறகு பெர்மிட் அடிச்சுத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலாவாக வந்தவரை வேலைப் பெர்மிட்டுக்கு மாற்றும் வழி சாதாரணத் தொழிலாளிக்கு இல்லை. 31ஆம் நாள் நீங்கள் சட்ட விரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவீர்கள். என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்களில் அதிகம் பேர் இப்படி வந்தவர்கள்தான்.

சரியான வழி இது. இங்கிருக்கும் முதலாளி முதலில் அரசாங்கத்திடம் இத்தனை வெளிநாட்டு ஆள் வேண்டும் என்று ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு உங்கள் பெயரில் குடிநுழைவுத் துறை அனுமதிக் கடிதம் கொடுக்கும். அதை வைத்து ஊரில் விசா குத்துவார்கள். நம் ஆட்கள் இதைக் 'காலிங் விசா' என்பார்கள். மனுச் செய்யும்போது வயது 18க்குக் குறையாமலும் 45க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.

இந்தியப் பக்கத்திலும் ஒரு கதவு இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு உள்ளவர்கள் வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. ஏஜெண்டு வழியாகப் போவதானால், அவர் இ-மைக்ரேட் என்ற அரசாங்க இணையதளத்தில் பதிவு செய்தவராகத்தான் இருக்க வேண்டும். சென்னையில் இதற்கென அலுவலகம் இருக்கிறது. ஏஜெண்டின் பெயரும் பதிவு எண்ணும் அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று படித்த பிள்ளை ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறவர்கள் ஏராளம். நகையை அடகு வைத்துக் கொடுத்த கடனோடு வருகிறவர், முதலாளி என்ன செய்தாலும் வாயைத் திறக்க மாட்டார். அந்தக் கடன்தான் பின்னால் எல்லாக் கஷ்டத்துக்கும் வேர். பல வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இந்த வழியில் வருகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்புறுதியும் உண்டு. சில நூறு ரூபாய்தான் கட்டணம். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரசீதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு விஷயத்தைப் பாருங்கள்: முதலாளியின் முழுப் பெயர், எந்தத் துறை வேலை, அடிப்படைச் சம்பளம், திரும்பும் டிக்கெட் யார் செலவு. ஒப்பந்தத்தைப் போனில் படம் எடுத்து மனைவிக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவிடுங்கள். இங்கே வந்து இறங்கியதும் வேறு ஒப்பந்தத்தை நீட்டுவது நடக்கிற விஷயம். பழையது கையில் இருந்தால் பேச ஒரு பிடி இருக்கும்.

முதல் மாதம்

வந்து 30 நாளுக்குள் மருத்துவச் சோதனை. ஃபோமிமா என்று எல்லாரும் சொல்வார்கள். நெஞ்சுப் படம், இரத்தம், சிறுநீர் பார்ப்பார்கள். காசநோய், மஞ்சள் காமாலை வகைகள், எச்.ஐ.வி. போன்றவை தெரிந்தால் பெர்மிட் கிடைக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே ஊரில் ஒரு நல்ல டாக்டரிடம் நெஞ்சுப் படம் எடுத்துப் பாருங்கள். நோய் தெரிந்தால் முதலில் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கடனோடு வந்து மூன்றாம் வாரம் திரும்பிப் போவதைப் போல வேதனை வேறு இல்லை.

சோதனையில் தேறியதும் முதலாளி பெர்மிட் எடுப்பார். தற்காலிக வேலை வருகை அனுமதி என்பது அதன் முழுப் பெயர். மலாயில் சுருக்கமாக 'பி.எல்.கே.எஸ்.' என்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஸ்டிக்கராகவோ அச்சிட்ட தாளாகவோ இருக்கும். கைக்கு வந்த அன்றே முதலாளி பெயர், துறை, முடியும் தேதி மூன்றையும் படியுங்கள். தோட்டம் என்று சொல்லிக் கூட்டி வந்து கட்டுமானம் என்று எழுதியிருந்தால் அன்றே கேட்க வேண்டும். முடியும் தேதியைச் சுவர் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பெர்மிட்டுக்கு அரசாங்கம் வாங்கும் லெவி தோட்டத் துறைக்கு ஆளுக்கு வருடம் 640 ரிங்கிட். கடை, கட்டுமானம், தொழிற்சாலைக்கு 1,850 ரிங்கிட். 2018இலிருந்து இதை முதலாளிதான் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தால் அது தவறு. (இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றும் சொல்வோம். "அஞ்சு வெள்ளி" என்றால் திகைக்க வேண்டாம்.)

பாஸ்போர்ட் யார் கையில்?

உங்கள் கையில். மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, சட்டப்பூர்வ அதிகாரம் இல்லாமல் இன்னொருவருடைய பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். "பத்திரமா இருக்கட்டும்" என்று முதலாளி வாங்கி வைப்பது நெடுநாள் வழக்கம், என் காலத்தில் எங்கள் ஆபீஸ் அலமாரியிலும் கட்டுக் கட்டாக இருந்தன. அப்போது அது தவறு என்று எனக்கே உறைக்கவில்லை. 2020இல் இரண்டு பெரிய மலேசியத் தோட்ட நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கா உள்ளே விடாமல் நிறுத்தியது. கட்டாய உழைப்பின் அறிகுறிகளாகச் சொன்னவற்றில் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் ஒன்று. பெரிய தோட்டங்களில் இப்போது தொழிலாளிக்குத் தனித் தனிப் பூட்டுப் பெட்டி வந்திருக்கிறது. சிறிய இடங்களில் இன்னும் வரவில்லை.

பெர்மிட் புதுப்பிக்க முதலாளி பாஸ்போர்ட்டைக் கேட்பது நியாயம். கொடுக்கும்போது ஒரு துண்டுத் தாளில் தேதி போட்டு, வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள். முகம் உள்ள பக்கம், விசா பக்கம், பெர்மிட் மூன்றையும் போனில் படம் எடுத்து ஊருக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலையும், ஊரில் இருப்பது தொலையாது.

பெர்மிட் எதுவரை செல்லும்

ஒரு முதலாளி, ஒரு துறை. இவ்வளவுதான் அதன் எல்லை. தோட்டத்துப் பெர்மிட்டை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினாலும் அது பெர்மிட் நிபந்தனையை மீறுவதுதான். அறுபது வெள்ளிக்கு ஆசைப்பட்டு, சோதனை வந்த நாளில் பிடிபட்டு, எல்லாவற்றையும் இழந்த பையனை எனக்குத் தெரியும். கடைக்காரர் பின்பக்க வழியாகப் போய்விட்டார்.

பெர்மிட் ஒவ்வோர் ஆண்டாகப் புதுப்பிக்கப்படும். பொதுவாகப் பத்து ஆண்டுவரை. மனைவி மக்களைக் கூட்டி வர முடியாது. இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் நிபந்தனை இடம் கொடுக்காது.

"ஐயா, பத்து வருஷம் நல்லபடியா வேலை செஞ்சா பிஆர் கிடைக்குமா?" பிஆர் என்றால் நிரந்தரவாசி உரிமை. இதைக் கேட்காத ஆள் இல்லை. பதில் இல்லை என்பதுதான். அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 12 ஆண்டில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்தவர் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்கிறது. ஆனால் நிரந்தரவாசியாக இருப்பவரைத்தான் நடைமுறையில் அந்த வரிசையில் சேர்க்கிறார்கள். தற்காலிகப் பெர்மிட்டில் கழிந்த வருடம் அங்கே போய்ச் சேராது. போகும் திசையும் அப்படித்தான் இருக்கிறது. 13ஆவது மலேசியத் திட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் பங்கை 2030க்குள் 10 விழுக்காடாகவும் 2035க்குள் 5 விழுக்காடாகவும் குறைப்பதாக இலக்கு வைத்திருக்கிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் குலை வெட்டி, ஒரு வழக்கும் இல்லாமல், சந்தாவும் கட்டியவருக்கு நிலையாகத் தங்க ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். 1957இல் என் தாத்தாவுக்குத் திறந்த வாசல் அதுதானே. இங்கே வாழ்ந்த வருடங்களைக் கணக்கில் எடுத்துத்தான் அவரை இந்த நாட்டுக்காரர் ஆக்கினார்கள். சீர்திருத்தம் என்று பேசுகிறவர்கள் உழைப்பை நிபந்தனையாக மட்டும் வைக்கிறார்கள், அந்த உழைப்பு சேர்ந்து வருவதை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் சட்டம் மாறும் என்று நம்பி நீங்கள் திட்டம் போடக் கூடாது. இன்றைய சட்டப்படி இது போய்த் திரும்பும் பயணம். அப்படியே கணக்குப் போட்டு வாருங்கள்.

சம்பளச் சீட்டும் உங்கள் நோட்டும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு மாதமும் சம்பளத்தோடு சீட்டுக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கும், ஆகஸ்டில் மற்ற எல்லா இடங்களுக்கும் வந்துவிட்டது. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் அதில் இல்லை.

தோட்டத்தில் குழப்பம் வருவது டன் கணக்கில்தான். குலை வெட்டுகிறவருக்கு டன்னுக்கு இவ்வளவு, உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்குச் சாக்குக்கு இவ்வளவு என்று போடுவார்கள். மழைக் காலத்தில், காய்ப்பு இறங்கிய மாதத்தில், டன் குறையும். "நீ வெட்டினது அவ்வளவுதான்" என்று 1,200 வெள்ளி கொடுப்பார்கள். துண்டு வேலை, டன் வேலை, பயணக் கணக்கு எதுவானாலும் மாதச் சம்பளம் 1,700க்குக் குறையக் கூடாது என்று குறைந்தபட்சச் சம்பள உத்தரவில் எழுதியிருக்கிறது. ஆனால் நீங்கள் பெரட்டுக்கு வந்தீர்கள், கொடுத்த வேலையை மறுக்கவில்லை என்று காட்ட வேண்டும். 26 நாள் கணக்கில் ஒரு நாளுக்கு 65.38 ரிங்கிட் வரும். வராத நாளுக்கு அந்த அளவு கழியும்.

அதற்குத்தான் ஒரு நோட்டு. கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் நோட்டுப் போதும். தினமும் ராத்திரி படுக்கும் முன் தேதி, எந்த நிரை (மர வரிசை), எத்தனை குலை, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தேன், மண்டோர் (மேற்பார்வையாளர்) யார் என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். மழையால் வேலை நிறுத்தினால் அதையும் எழுதுங்கள். நான் கிராணியாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன், செக்ரோலில் தவறு விழுவது சுலபம். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், ஒருவர் வெட்டியது இன்னொருவர் கணக்கில் ஏறும். நோட்டோடு வந்த ஆளுக்கு நான் உடனே திருத்திக் கொடுத்திருக்கிறேன். வாயால் சொன்னவருக்குத் திருத்த எனக்கே வழி தெரியாமல் நின்றிருக்கிறேன்.

வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. 2023 ஜனவரியில் 48லிருந்து குறைத்தார்கள். அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. ஓய்வு நாளில் முழு நாள் வேலை வாங்கினால் கூடுதல் சம்பளம், பொது விடுமுறையில் அதைவிடக் கூடுதல். முதல் இரண்டு ஆண்டில் வருடத்துக்கு 8 நாள் சம்பள விடுப்பும், டாக்டர் சீட்டு இருந்தால் 14 நாள் மருத்துவ விடுப்பும் உண்டு.

சீட்டு மலாயில் இருக்கும். நான்கு சொல்லைப் பழகிக்கொண்டால் போதும். 'காஜி' சம்பளம். 'போத்தோங்கான்' பிடித்தம். 'சூத்தி' விடுப்பு. 'தண்டாதாங்கான்' கையெழுத்து. போத்தோங்கான் பகுதியில் என்னென்ன என்று கேளுங்கள். புரியாத தாளில் தண்டாதாங்கான் போடாதீர்கள்.

சந்தா: சொக்சோவும் இபிஎஃப்பும்

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் வெளிநாட்டு ஆளுக்கு இந்த இரண்டும் இல்லாத மாதிரிதான். இப்போது மாறிவிட்டது, உங்கள் நன்மைக்கு மாறிய விஷயம் இது.

சொக்சோ என்பது வேலையில் அடிபட்டால் காக்கும் திட்டம். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளரும் அதில் இருக்கிறார்கள். அந்தப் பகுதிக்கான சந்தா முழுக்க முதலாளியுடையது. 2024 ஜூலையிலிருந்து, வேலைக்குத் தொடர்பில்லாத நோயால் உழைக்க முடியாமல் போவதற்கான திட்டமும் சேர்ந்தது. அதற்கு நீங்கள் அரை விழுக்காடு, முதலாளி அரை விழுக்காடு. அரிவாள் நழுவிக் கையில் வெட்டினாலும், குலை தோளில் விழுந்தாலும், வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் கவிழ்ந்தாலும் விபத்துக் கணக்கில் வரும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். டாக்டர் நான்கு நாளுக்குக் குறையாமல் விடுப்பு எழுதினால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். உயிர் போனால் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு மாதப் பணம் போகும்.

அதனால் அடிபட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போகாதீர்கள். கிளினிக்கில் "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். டாக்டர் சீட்டில் அப்படி எழுதிவிட்டால் சொக்சோவில் அது விபத்தாகவே நிற்காது. எந்த நிரையில், எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். காயத்தைப் படம் எடுங்கள்.

இபிஎஃப் என்பது சேமநிதி. 2025 அக்டோபர்ச் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் கட்டாயம். உங்கள் பக்கம் 2 விழுக்காடு, முதலாளி பக்கம் 2 விழுக்காடு. 1,700 சம்பளத்துக்கு 34 வெள்ளி உங்களுடையது, 34 வெள்ளி அவருடையது. "எதுக்குய்யா பிடிக்கிறான்" என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் உங்கள் பெயரில் இருக்கிறது, ஆண்டுதோறும் ஈவுத்தொகையும் சேரும், வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டில் 34 வெள்ளி பிடித்ததாகக் காட்டிவிட்டு அங்கே கட்டாமல் விடுகிற முதலாளியும் உண்டு. இபிஎஃப் அலுவலகத்துக்கு ஒருமுறை பாஸ்போர்ட்டோடு போய்க் கணக்கைத் திறந்து, போன் செயலியில் வரவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலும் போதும்.

புதுப்பிக்கும் காலம்

இதில்தான் நல்ல பிள்ளைகள் மாட்டுகிறார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்த பையன், பட்டுக்கோட்டைப் பக்கம். வேலையில் குறையே சொல்ல முடியாது. பெர்மிட் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது முதலாளியிடம் கேட்டான். "ஆபீசில போட்டாச்சு" என்றார். ஒரு மாதம் கழித்தும் அதே பதில். ஐந்தாம் மாதம் சாலைச் சோதனையில் நிறுத்தினார்கள். பெர்மிட் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, மனுவே போடவில்லை. கட்டாத லெவியை மிச்சப்படுத்திய முதலாளி தடுப்பு முகாமுக்குப் போகவில்லை. பையன் போனான்.

அளவுக்கு மீறித் தங்கினால் குடிநுழைவுச் சட்டத்தில் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்து ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கும் ஆளுக்கு 10,000இலிருந்து 50,000 வரை அபராதம் உண்டு. ஆனால் முதலில் கையில் விலங்கு விழுவது உங்களுக்குத்தான்.

ஆகவே முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பேச்சாகக் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. "முதலாளி, என் பெர்மிட் இந்தத் தேதியில் முடிகிறது, புதுப்பிக்கப் பாஸ்போர்ட் எப்போது தரட்டும்?" என்று பணிவாக ஒரு வரி போதும். பாஸ்போர்ட்டின் ஆயுளையும் பாருங்கள். அது ஓராண்டுக்கு மேல் மிச்சம் இல்லாவிட்டால் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் வழியாக முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

சிக்கல் வந்தால் ஓடாதீர்கள்

சம்பளம் வரவில்லை, அடித்துவிட்டார், சொன்ன வேலை வேறு. அந்தக் கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விட்டுப் போனால் 14 நாளுக்குள் முதலாளி அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். 'ஓடிப்போனவர்' என்று புகார் விழுந்ததும் பெர்மிட் ரத்தாகும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பிறகு நீங்கள் பிடிபட வேண்டியவர். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போது நேராகப் போலீஸ் நிலையம் போய்ப் புகார் எழுதி, அதன் நகலை வாங்குங்கள். அந்தத் தாள், ஓடவில்லை என்று காட்டும் தாள்.

மற்றதற்குத் தொழிலாளர் இலாகா இருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் ஈப்போ. சம்பள வழக்கை விசாரித்து உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, நோட்டு, வாட்ஸ்அப் செய்தி, ஒப்பந்தப் படம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கொண்டு போங்கள். 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' என்ற அரசாங்கச் செயலியிலும் புகார் போடலாம். வழக்கு நடக்கும்போது பெர்மிட் முடிந்துவிட்டால், குடிநுழைவுத் துறையில் சிறப்புப் பாஸ் கேட்கலாம். மாதம் 100 ரிங்கிட். அதை வைத்து வேலை செய்ய முடியாது, தங்க மட்டும்தான். அது கடினம் என்று எனக்குத் தெரியும். வேலை இல்லாமல் வழக்கு நடத்துவதற்காகவே தனியாகக் கொஞ்சம் பணம் சேர்த்து வைக்கச் சொல்வேன்.

தோட்டத்தில் இருப்பவர்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் சேருங்கள். 1954இலிருந்து இருக்கும் சங்கம். வெளிநாட்டுத் தொழிலாளரும் உறுப்பினராகலாம். 1991இல் ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பும் குடிபெயர் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிறது. பயமுறுத்தி, பூட்டி வைத்து, கடனைக் காட்டி வேலை வாங்கினால் அது 2023இலிருந்து கட்டாய உழைப்பு என்ற தனிக் குற்றம். ஒரு லட்சம் ரிங்கிட்வரை அபராதமோ இரண்டு ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

ஏற்கனவே பெர்மிட் இல்லாமல் இருப்பவர்களுக்கு

பெர்மிட் இல்லாதவரை வேலையை வைத்துச் சட்டத்துக்குள் கொண்டு வரும் திட்டங்கள் இங்கே அவ்வப்போது திறந்து மூடும். 2011இல் 6பி என்ற திட்டம் வந்தது. 2020 நவம்பரில் மறுசீரமைப்புத் திட்டம். 2023 ஜனவரியில் அதன் இரண்டாம் கட்டம். கடைசி இரண்டிலும் ஒரு பொது விதி: மனுப் போடுவது முதலாளி, நீங்கள் தனியாகப் போட முடியாது. 2023இல் ஏஜெண்டு யாரும் கிடையாது என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் கடைத்தெருவில் ஆளுக்கு ஆறாயிரம், எட்டாயிரம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களால் ஏமாந்தவர்கள் என் டீக்கடை மேசைக்கு வந்தார்கள். திட்டம் திறந்திருக்கிறதா என்று குடிநுழைவுத் துறை முகப்பிலோ அதன் இணையதளத்திலோ மட்டும் கேளுங்கள். அபராதம் கட்டி ஊர் திரும்பும் திட்டமும் இதே போல வந்து போகும். அது திறந்திருக்கும்போது போய்விடுவது, பிடிபட்டுப் போவதைவிட எவ்வளவோ மேல்.

ஊருக்குத் திரும்பும்போது

டிக்கெட் எடுப்பதற்கு ஒரு மாதம் முன் கடைசிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம் இரண்டையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளி பெர்மிட்டை முறைப்படி முடித்து, வெளியேறும் குறிப்பு எடுத்துத் தர வேண்டும். அது இல்லாமல் விமான நிலையம் போனால் அங்கே நிற்க நேரும். இபிஎஃப் பணத்துக்கான மனுவை இங்கிருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஊரில் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், மைத்துனர் பெயரில் வேண்டாம்.

சம்பளச் சீட்டு, நோட்டு, சொக்சோ எண், இபிஎஃப் எண், பழைய பெர்மிட் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடாதீர்கள், பெட்டி தவறிப்போகலாம். ஊர் போன பிறகும் எரித்துவிட வேண்டாம். இங்கே பட்ட காயம் இரண்டு வருடம் கழித்துத் தொந்தரவு கொடுத்தால், சொக்சோ முதலில் கேட்பது அந்த உறைக்குள் இருப்பதைத்தான்.